வீட்டுக்குள் விளையாடுவது திருட்டு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறையில் பிள்ளைகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இதழில் வந்த வாசகர் கடிதத்தைப் படித்தேன். அச்சில் வந்த நாவலிலிருந்து ஒரு பாத்திரத்தையோ வரைபடத்தையோ எடுத்து வீட்டில் விளையாடினாலும் அது பதிப்புரிமைத் திருட்டுதான், பதிப்பகத்துக்கு எழுதி அனுமதி வாங்காமல் அப்படிச் செய்யவே கூடாது என்று அதில் இருந்தது. எழுத்தாளர்கள் மேல் அந்த வாசகருக்கு உள்ள அக்கறை எனக்கும் உண்டு. ஆனால் அவர் சொன்னது சட்டப்படி சரியல்ல. கடிதத்தைப் படித்துவிட்டு எங்கள் தெருவில் ஓரிரு பெற்றோர் பிள்ளைகளை என் வீட்டுக்கு அனுப்பவே தயங்குகிறார்கள். அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நான் திருச்சி உறையூரில் இருக்கிறேன். பதிப்பகங்களுக்குப் பிழை திருத்திக் கொடுப்பது என் தொழில். ஒரு புத்தகம் விற்றால்தான் அடுத்த புத்தகத்தின் புரூஃப், அதாவது அச்சுக்குப் போகும் முன் திருத்த வேண்டிய பிரதி, எனக்கு வரும். பல மாதம் உழைத்து வந்த நாவல், வெளியான வாரத்திலேயே பி.டி.எஃப். ஆக டெலிகிராமில் சுற்றுவதைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். பதிப்புரிமை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. அது எதற்காக இருக்கிறதோ அதற்குப் பயன்பட வேண்டும், பிள்ளைகளைப் பயமுறுத்தப் பயன்படக் கூடாது என்றுதான் சொல்கிறேன்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். ஞாயிறு மாலையில் அண்ணன் பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மாடி வீட்டுக் கல்லூரி மாணவியும் எங்கள் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துவார், பெரும்பாலும் நான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். “கொள்ளிடத்தில் வெள்ளம் போகிறது, கரையில் ஒரே ஒரு ஓடம், ஓடக்காரன் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கிறான்” என்று நான் சொல்வேன். “அத்தை, நான் அவன்கிட்ட மோதிரத்தைக் காட்டுறேன்” என்பாள் அண்ணன் மகள். அவன் நம்புவானா என்பதை இருபது பக்கப் பகடை சொல்லும். ஜெயிப்பது தோற்பது என்று பெரிதாக எதுவும் கிடையாது. கதை நகர வேண்டும், அவ்வளவுதான். போனை யாரும் தொடாமல் மூன்று மணி நேரம் போய்விடும்.

இதில் அச்சான புத்தகங்கள் எங்கே வருகின்றன? காசு கொடுத்து வாங்கிய ஒரு ரூல் புக், அதாவது விளையாட்டின் விதிப் புத்தகம், இருக்கிறது. பாத்திரத்தின் பலம், திறமை எல்லாம் எழுதி வைக்கும் கேரக்டர் ஷீட்டை அதிலிருந்து ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுக்கிறேன். சோழர் வரலாற்று நூல் ஒன்றில் உள்ள காவிரிப் படுகை வரைபடத்தைப் பெரிதாக்கி மேசையில் விரிக்கிறேன். இப்போதும் எழுதிக்கொண்டிருக்கும் ஒரு நாவலாசிரியரின் கதையிலிருந்து ஒரு கிழட்டு ஒற்றனை எங்கள் ஆட்டத்துக்குள் கொண்டுவந்தேன். அவன் முதன்முதலாக வரும்போது நாவலில் அவனைப் பற்றிய பத்தியை வாய்விட்டுப் படித்தேன். இந்த நான்கும் குற்றம் என்கிறது அந்தக் கடிதம்.

நமது பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. அதன் 52-ஆம் பிரிவு, எவையெல்லாம் பதிப்புரிமை மீறல் ஆகாது என்று பட்டியல் போடுகிறது. அதன் தொடக்கத்திலேயே, ஒரு படைப்பைத் தனிப்பட்ட அல்லது சொந்தப் பயனுக்காக நியாயமான முறையில் கையாள்வது மீறல் அல்ல என்று இருக்கிறது. முன்பு இது எழுத்து, நாடகம், இசை, ஓவியம் ஆகியவற்றுக்கு மட்டும் இருந்தது. 2012-ல் வந்த திருத்தம் கணினி நிரலை மட்டும் விட்டுவிட்டு எல்லாப் படைப்புகளுக்கும் அதை விரித்தது. அச்சான நூலிலிருந்து நியாயமான அளவு பகுதியைப் பொது இடத்தில் வாசிக்கக்கூட அதே பிரிவு இடம் தருகிறது. கட்டணம் வாங்காமல் ஒரு அமெச்சூர் குழு நாடகம் போடவும் இடம் தருகிறது. ஊர் மேடையில் பணம் வாங்காமல் நடிக்கலாம் என்று சொல்லும் சட்டம், சாப்பாட்டு மேசையில் ஒரு பத்தியைப் படித்ததற்காகப் பிள்ளைகளைப் பிடிக்க வருமா?

அப்புறம் அந்தக் கிழட்டு ஒற்றன். கருத்துக்கும் கதைக்கருவுக்கும் பதிப்புரிமை இல்லை, அவற்றை ஒருவர் எழுதிய விதத்துக்குத்தான் உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் பிலிம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு நாடகாசிரியர் தன் நாடகத்தைத் திரைப்படமாக எடுத்துவிட்டார்கள் என்று தொடுத்த வழக்கு அது. கரு ஒன்றாக இருந்தாலும் படைப்பு வேறு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டு பக்கமும் பணம் புரண்ட வழக்கு. எங்கள் வீட்டில் பணமே இல்லை. சரி, கிழட்டு ஒற்றன் வெறும் கருத்து அல்ல, முழுமையாக உருவான பாத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நாங்கள் அவனை அச்சிடவில்லை, விற்கவில்லை, எங்கும் வெளியிடவில்லை. நான்கு சுவருக்குள் பேசி முடித்துவிட்டோம். தனிப்பட்ட பயன் என்பதற்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

விளையாட்டு விதிகளும் பதிப்புரிமைக்குள் வரும் என்றும் அந்த வாசகர் எழுதியிருந்தார். அதற்கு நம் நாட்டிலேயே ஒரு வழக்கு இருக்கிறது. கொல்கத்தாவைச் சேர்ந்த அகர்வாலா சகோதரர்கள், ஆங்கில எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் மாதிரியே ‘ஸ்கிராபுலஸ்’ என்ற விளையாட்டை இணையத்தில் நடத்தினார்கள். ஃபேஸ்புக்கில் அது பெரிய அளவில் ஓடியது. ஸ்கிராபிள் உரிமையாளரான மேட்டல் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2008 செப்டம்பரில் வந்த உத்தரவு, ஆட்டப் பலகைக்கும் விதிகளுக்கும் மேட்டல் கேட்ட பதிப்புரிமைப் பாதுகாப்பைத் தரவில்லை. ஆனால் பெயர் விஷயத்தில் மேட்டல் பக்கம் நின்றது. மக்கள் குழம்பும்படி அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடை போட்டது. சகோதரர்கள் ‘லெக்ஸுலஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு விளையாட்டை நடத்தினார்கள். ஊர் அறிய நடத்தியவர்களுக்கே விதி விஷயத்தில் இவ்வளவு இடம் கிடைத்திருக்கிறது.

இந்தக் கதை விளையாட்டின் பிறப்பைப் பார்த்தாலும் இதே பாடம்தான். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் சேர்ந்து உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974-ல் அமெரிக்காவில் வெளியானது. முதல் பதிப்புகளில், ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய ஆங்கில நாவலாசிரியர் டோல்கீனின் கதை உலகிலிருந்து ஹாபிட் என்ற குள்ள மனிதர்கள், எண்ட் என்ற நடக்கும் மரங்கள், பால்ராக் என்ற நெருப்பு அரக்கன் எல்லாம் அப்படியே வந்தன. டோல்கீன் உரிமைகளை வைத்திருந்தவர்கள் 1970-களின் பிற்பகுதியில் ஆட்சேபம் தெரிவித்தார்கள். உடனே ஹாபிட் ‘ஹாஃப்லிங்’ ஆனது, எண்ட் ‘ட்ரீயண்ட்’ ஆனது, பால்ராக் அந்தப் பெயரில் இல்லாமல் போனது. ஆட்சேபம் போனது புத்தகம் அச்சிட்டு விற்ற கம்பெனிக்கு. வீட்டில் ஆடியவர்கள் ஹாபிட்டை ஹாபிட் என்றே கூப்பிட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வீடுகளுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.

2023 ஜனவரியில் நடந்ததும் அப்படித்தான். அந்த விளையாட்டை இப்போது வைத்திருக்கும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், அதன் விதிகளை வைத்துப் புத்தகம் போட 2000-ஆம் ஆண்டிலிருந்து வெளியாட்களுக்குக் கொடுத்திருந்த திறந்த உரிமத்தை இறுக்கப் பார்த்தது. புதிய உரிமத்தின் வரைவு கசிந்ததும் ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள், பலர் அந்நிறுவனத்தின் இணையச் சேவைக்குக் கட்டிவந்த சந்தாவை ரத்து செய்தார்கள். நிறுவனம் பின்வாங்கியது. அதே மாதம் 27-ஆம் தேதி தன் அடிப்படை விதித் தொகுப்பை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பொதுவில் வைத்துவிட்டது. அந்தச் சண்டையும் இந்த விதிகளை வைத்துப் புத்தகம் போட்டு விற்பவர்களைப் பற்றியதுதான். வீட்டு மேசையைப் பற்றி அல்ல.

இங்கே தமிழ்ப் பெற்றோரும் பதிப்பாளர்களும் கவனிக்க வேண்டிய ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அந்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். அந்த விதித் தொகுப்பை யார் வேண்டுமானாலும் மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். விளையாட்டின் வணிகப் பெயரைத் தன் பெயர் போல வைத்துக்கொள்ளக் கூடாது, அது வேறு சட்டம். நானும் அண்ணன் மகளும் அதைத் தமிழில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். காவிரி, கொல்லிமலை, நாகப்பட்டினத் துறைமுகம் எல்லாம் வரும் ஒரு தமிழ் ரூல் புக்கை யாராவது ஒரு பதிப்பகம் கொண்டுவந்தால், முதல் பிரதிக்கு நான் வரிசையில் நிற்பேன்.

எதுவும் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. ‘நியாயமான’ என்று சட்டம் சொல்வது சும்மா இல்லை. இத்தனை பக்கம் வரை என்று சட்டம் அளவு கொடுக்கவில்லை. எதற்காக எடுத்தார்கள், எவ்வளவு எடுத்தார்கள், அதனால் அந்தப் புத்தகத்தின் விற்பனை கெடுமா என்றுதான் பார்க்க வேண்டும். ஒரு பக்க வரைபடத்தையும் கேரக்டர் ஷீட்டையும் எடுப்பது ஒன்று. ஐந்து பிள்ளைகளுக்காக முழு ரூல் புக்கையும் ஐந்து செட் ஜெராக்ஸ் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்வது வேறு. அப்படிச் செய்தால் ஐந்து பிரதிகளின் விற்பனை போகிறது. எங்கள் மேசையில் ஒரே புத்தகம்தான், அது கைமாறிக்கொண்டே இருக்கும். திருட்டு பி.டி.எஃப். இறக்கி, ‘வீட்டில்தானே விளையாடுகிறோம்’ என்று சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். சட்ட வாதம் எப்படிப் போனாலும் அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு அதனால் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை.

அண்ணன் மகன் எங்கள் ஆட்டத்தை வீடியோ எடுத்து யூடியூபில் போட ஆசைப்பட்டான். அப்போதுதான் நான் நிறுத்தினேன். யூடியூபில் போன பிறகு அது வீட்டு விஷயம் இல்லை, ஊருக்கு வெளியிடுவது. சரி, வீடியோவுக்கென்று தனியாக ஓர் ஆட்டம் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். வரைபடத்தை அவனே கையால் வரைந்தான். கிழட்டு ஒற்றனுக்குப் பதிலாக உப்பு வண்டி ஓட்டும் ஒரு கிழவி வந்தாள். இப்போது பிள்ளைகளுக்கு அவளைத்தான் அதிகம் பிடிக்கிறது. நுழைவுக் கட்டணம் வாங்கும் போர்டு கேம் கஃபேக்களுக்கும் இதையே சொல்வேன். காசு கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்து விளையாட விடுவதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை. அதன் அட்டைகளைக் கலர் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக் கட்டணம் வாங்கினால் அதைத் தனிப்பட்ட பயன் என்று சொல்ல முடியாது.

நாட்டுடைமை ஆன நூல்களைப் பற்றியும் குழப்பம் இருக்கிறது. கல்கியின் எழுத்துகளை வைத்து யார் வேண்டுமானாலும் விளையாட்டு செய்யலாம், விற்கவும் செய்யலாம். அவர் 1954-ல் மறைந்தார். நம் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை இருக்கும். அவர் விஷயத்தில் அது முடிவதற்கு முன்பே அரசு அவற்றை நாட்டுடைமை ஆக்கிவிட்டது. 1949-ல் ஓமந்தூரார் ஆட்சி பாரதியார் படைப்புகளைப் பொதுவாக்கியதிலிருந்து வரும் நல்ல மரபு இது. ஆனால் எழுத்து வேறு, ஓவியம் வேறு. பொன்னியின் செல்வன் முதலில் தொடராக வந்தபோது ஓவியர் மணியம் வரைந்த வந்தியத்தேவனும் நந்தினியும்தான் பலர் மனதில் இருக்கிறார்கள். அவர் 1968-ல் மறைந்தவர். அந்தப் படங்களின் உரிமைக் காலம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. கதை பொதுவாகிவிட்டது என்று நினைத்து அவற்றை அட்டைகளில் அச்சிட்டு விற்பவர் சிக்கலில் மாட்டுவார். வீட்டில் ஒரு பிள்ளை அந்த வந்தியத்தேவனைப் பார்த்து வரைந்து தன் கேரக்டர் ஷீட்டில் ஒட்டிக்கொண்டால் ஒரு பிரச்சினையும் இல்லை.

இவ்வளவும் சட்டத்தில் இருந்தும் மக்கள் ஏன் பயப்படுகிறார்கள்? நான் பிழை திருத்தும் புத்தகங்களிலேயே அதற்கான காரணம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி போடுவார்கள். இந்நூலின் எந்தப் பகுதியையும் எந்த வடிவிலும் எழுத்துமூலமான அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்கிற மாதிரி. புத்தகத்துக்குப் புத்தகம் அதே வரி, யாரும் யோசித்து எழுதியதாகத் தெரியவில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், என் சொந்தப் புத்தகத்திலிருந்து ஒரே ஒரு வரைபடத்தை எடுத்துத் தர மறுத்தார். “காப்பிரைட் போட்டிருக்கும்மா, நாளைக்கு யாராவது வந்து கேட்டா நான் என்ன சொல்றது?” என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. சட்டத்தில் சிறைத் தண்டனை இருக்கிறது என்று மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. 52-ஆம் பிரிவைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை. சட்டம் வாசகருக்குக் கொடுத்த உரிமையை இரண்டாம் பக்கத்து வரி ஒன்று எடுத்துவிட முடியாது.

டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு ஜெராக்ஸ் கடையை மூன்று பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தது பலருக்கு நினைவிருக்கும். மாணவர்களுக்காகப் பல புத்தகங்களிலிருந்து பக்கங்களை எடுத்துத் தொகுத்துக் கொடுத்தது அந்தக் கடை. 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. பதிப்புரிமை இயற்கையாகவோ கடவுள் கொடுத்ததாகவோ வந்த உரிமை அல்ல என்று நீதிபதி எழுதினார். மேல்முறையீட்டில் சில கேள்விகள் மீண்டும் திறக்கப்பட்டன. கடைசியில் 2017-ல் பதிப்பகங்களே வழக்கிலிருந்து விலகிக்கொண்டன. கல்விக்கான விதிவிலக்கு வேறு, வீட்டு விளையாட்டு வேறு, அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாசகருக்கு என்று சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது என்பதை அந்த வழக்கு நன்றாகவே காட்டியது. அந்தத் தீர்ப்பு வந்த அன்று நான் வேலை செய்யும் பதிப்பாளர்களில் சிலர் சோர்ந்து போனார்கள். அவர்கள் கவலையும் பொய்யில்லை. தமிழில் ஒரு கனமான நூலைப் போட்டு முதலைத் திரும்ப எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று அருகிலிருந்து பார்க்கிறேன்.

அதனால் பதிப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் கேரக்டர் ஷீட்டின் அடியில், சொந்தப் பயனுக்காக நகல் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். லாபத்துக்காக நடக்கும் பெரிய கம்பெனியே அதைச் செய்கிறது, அந்தப் புத்தகங்களின் விற்பனை ஒன்றும் படுத்துவிடவில்லை. நம் பதிப்பகங்களும் இரண்டாம் பக்கத்து வரியோடு இன்னொரு வரியைச் சேர்க்கலாம்: ‘வீட்டிலும் வகுப்பறையிலும் படிக்கவும் நடிக்கவும் விளையாடவும் சில பக்கங்களை நகலெடுக்கலாம், விற்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் அனுமதி வேண்டும்.’ அப்படி எழுதினால் ஜெராக்ஸ் கடைக்காரருக்கும் பயம் போகும். டெலிகிராமில் ஏற்றுகிறவருக்கும் தான் செய்வது என்ன என்று தெளிவாகத் தெரியும். அடுத்த முறை எனக்கு வரும் புரூஃபில் இதைப் பென்சிலால் எழுதி அனுப்பப் போகிறேன். ஏற்பதும் விடுவதும் அவர்கள் விருப்பம்.

எழுத்தாளர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கிழட்டு ஒற்றன் எங்கள் ஆட்டத்துக்குள் வந்த பிறகு, மாடி வீட்டு மாணவி புத்தகக் கண்காட்சியில் அந்த நாவலைத் தேடி வாங்கினாள். அவனுக்குக் கடைசியில் என்ன ஆகிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. படித்துவிட்டு வந்து, நான் அவனை நடத்திய விதம் தவறு, நாவலில் அவன் அப்படிப் பேசவே மாட்டான் என்று என்னோடு சண்டை போட்டாள். அந்த நாவலுக்கு வந்த மதிப்புரைகளில் இவ்வளவு ஆழமாக அவனைப் பற்றி யாரும் எழுதி நான் பார்க்கவில்லை.

உங்கள் இதழில் வாரந்தோறும் வரும் சட்டக் கேள்வி-பதில் பகுதியில், பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவைப் பற்றி ஒரு வழக்கறிஞரைக் கொண்டு விளக்கமாக எழுத வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பள்ளி விடுமுறை முடிவதற்குள் வந்தால் நல்லது. எங்கள் தெருவில் ஞாயிறு ஆட்டத்திலிருந்து பாதியில் நின்றுவிட்ட இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு அந்தப் பக்கத்தை நானே எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பேன்.

இப்படிக்கு,
பிழை திருத்தும் ஒரு வாசகி,
உறையூர், திருச்சி.